ஜும்லா ஃபிஃலிய்யா (வினையில் தொடங்கும் அரபி வாக்கியம்): சொந்தமாக வாக்கியம் எழுதிப் பழகுவது எப்படி?

ராயபுரம் மாணவி:
அஸ்ஸலாமு அலைக்கும். மண்ணடியில் மாலை நேர அரபி வகுப்பு. நஹ்வு (அரபி இலக்கணம்) தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. எழுதிய வாக்கியத்தைக் கொடுத்தால் ஃபிஃல் (வினை) எது, ஃபாஇல் (எழுவாய்) எது, மஃப்ஊல் (செயப்படுபொருள்) எது என்று காட்டிவிடுவேன். நானே எழுதும்போதுதான் சறுக்குகிறது. "பையன்கள் போனார்கள்" என்பதற்கு "தஹபூ அல்அவ்லாது" என்று எழுதினேன். ஹஸ்ரத் அதை அடித்துவிட்டு "தஹபல் அவ்லாது" என்று திருத்தினார். போனது பல பேர், வினை மட்டும் எப்படி ஒருமை? தினமும் எத்தனை வாக்கியம் எழுதலாம், எந்த வரிசையில்?

தண்டையார்பேட்டை நஹ்வு:
வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. தமிழ் நாக்குக்கு இந்தத் தப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். "பையன்கள் போனார்கள்" என்றாலும் "போனார்கள் பையன்கள்" என்றாலும் நம் வினை பன்மையிலேயே நிற்கும். அரபியில் அப்படி இல்லை. "தஹபூ" என்பதில் உள்ள வாவ் (ஊ என்று நீளும் எழுத்து) வெறும் பன்மை விகுதி அல்ல, அதுவே ஃபாஇல். ஒரு ஃபிஃலுக்கு ஒரு ஃபாஇல்தான். வாவையும் வைத்து, பின்னால் அல்அவ்லாதுவையும் வைத்தால் ஒரே வேலைக்கு இரண்டு பேரை நிறுத்தின மாதிரி. ஆனால் "அல்அவ்லாது தஹபூ" சரி, ஏனென்றால் அங்கே அல்அவ்லாது முப்ததா (பெயர்ச்சொல் வாக்கியத்தின் எழுவாய்) ஆகிவிட்டது. வாக்கியமே ஜும்லா இஸ்மிய்யா (பெயர்ச்சொல்லில் தொடங்குவது).

பயிற்சிக்கு ஒரு வினை, ஒரு செயப்படுபொருள் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வினை ஃபதஹ (திறந்தான்), செயப்படுபொருள் பாப (கதவை). ஃபாஇலை மட்டும் ஐந்து முறை மாற்றுங்கள்:

ஃபதஹல் வலதுல் பாப (பையன்)
ஃபதஹதில் பின்துல் பாப (பெண்)
ஃபதஹல் வலதானில் பாப (இரு பையன்கள்)
ஃபதஹல் அவ்லாதுல் பாப (பையன்கள்)
ஃபதஹதில் பனாதுல் பாப (பெண்கள்)

வினையில் ஆண்பால், பெண்பால் மட்டும்தான் மாறுகிறது, எண்ணிக்கை மாறவே இல்லை. இந்த ஐந்தையும் உடனே திருப்பிப் போட்டு, ஃபாஇலை முன்னால் கொண்டுவந்து எழுதுங்கள். அப்போது வினை ஃபதஹ, ஃபதஹத், ஃபதஹா, ஃபதஹூ, ஃபதஹ்ன என்று ஐந்து விதமாக மாறும். ஒரு நாளைக்கு ஒரு வினை, பத்து வாக்கியம் போதும். எட்டு நாளில் எட்டு வினை, எண்பது வாக்கியம். இரண்டாம் வாரம் செயப்படுபொருளையும் மாற்றலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் தப்பு எங்கிருந்து வந்தது என்றே பிடிபடாது.

எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆனால் காதை மட்டும் நம்பவேண்டாம். "ஃபதஹூ"வுக்குப் பின் அல் என்ற முன்னொட்டு வந்தால் நெடில் குறுகி "ஃபதஹுல் பாப" என்றே ஒலிக்கும். "ஃபதஹா"வும் ஒருமை மாதிரியே "ஃபதஹல் பாப" என்று கேட்கும். நோட்டில் அந்த வாவும் அலிஃபும் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அதனால் அரபி எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் இதெல்லாம் மறைந்துவிடும், தாலும் தாவும்கூட ஒன்றாகிவிடும்.

முதல் எட்டு வினை: ஃபதஹ (திறந்தான்), கதப (எழுதினான்), ஹமல (சுமந்தான்), கஸர (உடைத்தான்), கஸல (கழுவினான்), ஷரிப (குடித்தான்), ரகிப (ஏறினான்), ஸமிஅ (கேட்டான், காதால்). காசிமேட்டில் மீன் வாங்கினாள், விற்றாள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இஷ்தராவும் பாஅவும் இல்லத்து எழுத்துள்ள (அலிஃப், வாவ், யா வந்து வடிவம் மாறும்) வினைகள். "வாங்கினாள்" என்றால் "இஷ்தரத்", அலிஃப் போய்விடும். "விற்றேன்" என்றால் "பிஃது". இப்போதைக்கு "ஹமலஸ் ஸய்யாதுஸ் ஸமக", மீனவர் மீனைச் சுமந்தார், அது போதும்.

பழைய வண்ணாரப்பேட்டை:
மேலே சொன்னதோடு, வேற்றுமை உருபில் வரும் சிக்கலையும் பாருங்கள். நம்மிடம் இருக்கும் "ஐ" பெரிய உதவி: கதவை, பாடத்தை என்று வந்தால் பெரும்பாலும் அங்கே நஸ்பு (செயப்படுபொருளுக்கு வரும் வேற்றுமை). ஆனால் "தண்ணி குடிச்சான்", "மீன் சுமந்தான்" என்று பேச்சில் ஐ விழுந்துவிடும். அரபியில் நஸ்பு விழாது: "ஷரிபல் வலதுல் மாஅ". மொழிபெயர்க்கும் முன் தமிழ் வாக்கியத்தில் விட்டுப்போன ஐயைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தமிழில் இல், இடம், உள் என்று வருவது பல வினைகளுக்கு அரபியில் நேரடி மஃப்ஊல். ரயிலில் ஏறினார்கள்: "ரகிபல் அவ்லாதுல் கிதார". வீட்டுக்குள் நுழைந்தான்: "தகலல் பைத". எதிர்ப்பக்கமும் உண்டு. "நழர" என்றால் பார்த்தான். ஆனால் "இலா" சேர்த்து "நழர இலல் பாபி" என்றுதான் வரும், அங்கே ஜர்ரு (இலா, மின் போன்ற சொற்களுக்குப் பின் வரும் வேற்றுமை). ஆகவே வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் சேர்த்தே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம் மாணவி:
ஜஸாகுமுல்லாஹ். இரண்டு சந்தேகம். "ஃபாதிமா ஆசிரியையிடம் கேட்டாள்" என்பதற்கு "ஸஅலத் ஃபாதிமது மினல் முஅல்லிமதி" சரியா? அடுத்தது, குர்ஆனில் 49:14இல் "காலதில் அஃராபு" என்று இருக்கிறதே, அஃராபுக்கு (நாட்டுப்புற அரபிகளுக்கு) பெண்பால் வினை எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை:
முதலாவது தப்பு. "இடம்" உங்களை "மின்"னுக்கு ("இருந்து") இழுத்துவிட்டது. ஸஅல யாரிடம் கேட்டதோ அவரையே மஃப்ஊல் ஆக்கும்: "ஸஅலத் ஃபாதிமதுல் முஅல்லிமத". ஃபாதிமதுவுக்குத் தன்வீன் (சொல் முடிவில் வரும் ன் ஒலி) போடாதது சரி.

தண்டையார்பேட்டை நஹ்வு:
அஃராபு என்பது ஜம்உ தக்ஸீர், உடைந்த பன்மை. அதற்கு முன்னால் வரும் வினை ஆண்பாலாகவும் இருக்கலாம், பெண்பாலாகவும் இருக்கலாம். 12:30இல் "வகால நிஸ்வதுன்" என்று பெண்களுக்கு ஆண்பால் வினை வருவதும் இந்த வாசல் வழியாகத்தான். இரண்டு இடத்திலும் வினை ஒருமையிலேயே நிற்பதைக் கவனியுங்கள். பயிற்சி நோட்டில் மட்டும் இந்தச் சலுகையை எடுக்காமல், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்றே எழுதிப் பழகுங்கள். கண்ணை ஏமாற்றும் இரண்டு வகை உண்டு: ஹம்ஸா, தல்ஹா போன்ற பெயர்களில் தா மர்பூதா (சொல் முடிவில் வரும், பெரும்பாலும் பெண்பாலைக் காட்டும் தா) இருந்தாலும் ஆள் ஆண், எனவே "தஹப ஹம்ஸது". ஷம்ஸில் (சூரியன்) தா இல்லை, ஆனால் பெண்பால்: "தலஅதிஷ் ஷம்ஸு".

கொருக்குப்பேட்டை:
தாமதமாக வருகிறேன். திருத்தும்போது பார்க்கவேண்டிய சில இடங்கள். "ஃபதஹத்"துக்குப் பின் அல் வந்தால் "ஃபதஹதில்" என்று ஜேர் (இகரக் குறி) வரும், இரண்டு ஸுகூன் (உயிரொலி இல்லாத எழுத்து) சேரக்கூடாது என்பதால். தன்வீனுக்குப் பின் அல் வந்தாலும் இதே காரணம்தான்: "ரகிப ஸாலிஹுனில் ஹாஃபிலத". அல் இல்லாத மஃப்ஊலுக்கு இரண்டு ஜபரோடு (அகரக் குறி) அலிஃபும் எழுதவேண்டும், கிதாபன், பாபன் மாதிரி. தா மர்பூதாவுக்கு அந்த அலிஃப் வேண்டாம் (ஸய்யாரதன்), மாஅன் என்பதற்கும் வேண்டாம். பலரும் கோட்டை விடுவது ஆத் என்று முடியும் பெண்பால் பன்மையில்: "கஸலல் வலதுஸ் ஸய்யாராதி". மஃப்ஊல்தான், ஆனாலும் நஸ்புக்கு அடையாளம் ஜேர்.

வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்போது வக்ஃப் செய்தால் (நிறுத்தினால்) கடைசிச் சொல்லின் ஹரகத் (உயிர்க்குறி) மறைந்துவிடும், பெரும்பாலும் அதுதான் மஃப்ஊல். பயிற்சியில் மட்டும் கடைசி ஹரகத்தையும் முழுசாகச் சொல்லுங்கள். அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 35:28: "இன்னமா யக்ஷல்லாஹ மின் இபாதிஹில் உலமாஉ". அல்லாஹ்வை அஞ்சுபவர்கள் ஆலிம்கள். மஃப்ஊல் முன்னால், ஃபாஇல் கடைசியில். யார் யாரை அஞ்சுகிறார் என்பதை ஒரு ஜபரும் ஒரு பேஷும் (உகரக் குறி) மட்டும்தான் காட்டுகின்றன. மூன்றாம் வாரத்தில் உங்கள் பத்து வாக்கியத்தில் இரண்டை இப்படி மஃப்ஊலை முன்னால் வைத்து எழுதுங்கள்: "ஃபதஹல் பாபல் வலது". இடத்தை வைத்து ஊகிக்கிறீர்களா, ஹரகத்தைப் பார்த்துப் படிக்கிறீர்களா என்பது அதில் தெரிந்துவிடும்.