ஸ்காபரோ களிமண்ணில் ரோடோடென்ட்ரன்: எங்கள் அனுபவங்கள்

ஸ்காபரோ

நான் நுவரெலியாவில் வளர்ந்தவள். ஹோர்ட்டன் சமவெளியில் சிங்களத்தில் மகா ரத்மல் என்று சொல்லும் சிவப்புப் பூ மரம் சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் வீடு வாங்கியதும் முதலில் வைத்த செடி அதன் இனத்தைச் சேர்ந்த ரோடோடென்ட்ரன்தான். ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

பிழை குழியில் இருந்தது. இரண்டடி தோண்டி, பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) நிரப்பி நடுவில் வைத்தேன். சுற்றிவரக் களிமண். பனி உருகிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அந்தக் குழிக்குள்ளேயே தேங்கிவிட்டது. மே மாதம் இலை தொங்கியதும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தொட்டவுடன் தோல் கழன்று வந்தது. இதற்கு ஆழமாகப் போகும் ஆணிவேர் இல்லை. மயிர் போன்ற வேர்கள் மேல்மண்ணில் பரவும். காற்றுக் கிடைக்காவிட்டால் அழுகிவிடும்.

இரண்டாம் தடவை நான் தோண்டவேயில்லை. பைன் மரப்பட்டைத் தூள், பீட், கொஞ்சம் மக்கிய இலை சேர்த்து நிலத்துக்கு மேலே ஓரடி மேடு கட்டினேன். செடி, 'பி.ஜே.எம்.' என்ற வகை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்மண்ட் மெசிட் என்பவர் உருவாக்கி, தன் தந்தை பீட்டர் ஜே. மெசிட்டின் பெயரை வைத்தது. மைனஸ் 30 பாகைக் குளிரையும் தாங்கும். நடுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன், அதைத் தவறவிடாதீர்கள். சட்டியிலிருந்து எடுத்த வேர்க்கட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை பிடித்திருந்தேன். காய்ந்த பீட் தண்ணீரைக் குடிக்காது. சுற்றிலும் ஈரம் இருந்தாலும் நடுவில் செடி தாகத்தில் சாகும். பிறகு கத்தியால் பக்கங்களில் கீறி, வட்டமாகச் சுற்றியிருந்த வேர்களை விரித்துவிட்டேன்.

மார்கழியில் இலைகள் செம்பழுப்பாகிச் சுருண்டன. போய்விட்டது என்று அழாத குறை. அது அதன் குளிர்கால நிறம் என்று பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் வருடம் ஏப்ரல் கடைசியில், பக்கத்து மரங்கள் எல்லாம் மொட்டையாக நிற்க, இது மட்டும் ஊதா கலந்த இளஞ்சிவப்பாய்ப் பூத்தது.

மிசிசாகா

அக்கா, எனக்கு வேர் பிரச்சினை இல்லை, இலைதான். புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. உரம் போதவில்லை என்று போட்டுக்கொண்டே இருந்தேன். மண்ணைப் பரிசோதித்தால் பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறைந்தால் புளிப்பு அதிகம்) 7.4! இந்தச் செடிக்கு 4.5 முதல் 6 வரை வேண்டும். அதற்கு மேல் போனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. காப்பி மண்டி போடு என்று எல்லோரும் சொன்னார்கள். போட்டேன், மாற்றம் இல்லை. புளிப்பெல்லாம் காப்பியோடு இறங்கிவிடுகிறது, மண்டியில் அதிகம் மிஞ்சுவதில்லை. கந்தகத் தூள் போட்ட பிறகுதான் மாறியது, அதுவும் பல மாதம் கழித்து. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல மெல்லத்தான் அமிலமாக்கும். சரி, அவசரப்படக் கூடாது. இப்போது குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டேன், கூரையிலிருந்து பீப்பாயில் பிடிக்கும் மழைத் தண்ணீர்தான்.

நாய், பூனை வளர்ப்பவர்கள் கவனம். இலை, பூ எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு.

கோத்தகிரி

அக்கா, நீங்கள் சொன்ன சிவப்பு மரத்தின் நெருங்கிய சொந்தம் எங்கள் நீலகிரியிலும் இருக்கிறது. நாங்கள் காட்டுப்பூவரசு என்போம். சோலை ஓரத்திலும் புல்வெளியிலும் நிற்கும். உறைபனி கொட்டினாலும் அசையாது. பட்டை அவ்வளவு தடிப்பு, புல் தீ ஓடினாலும் பெரும்பாலும் தப்பிவிடும்.

விதையிலிருந்து கொண்டுவர முயன்றேன். விதை தூசி மாதிரி. முதல் முறை மண் போட்டு மூடினேன், ஒன்றுகூட வரவில்லை. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். அடுத்த முறை ஈரப் பாசி மேல் சும்மா தூவி, கண்ணாடி மூடி வைத்தேன். முளைத்தது. ஒரு வருடத்துக்கு அப்புறமும் விரல் நீளம்கூட இல்லை. ஆனாலும் தினமும் காலையில் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ஸ்காபரோ

தங்கச்சி, விட்டுவிடாதீர்கள். இது பொறுமைச் செடி.

கத்தரிப்பது பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். ஒரு செப்டம்பரில் வடிவாக இருக்கட்டும் என்று நுனிகளை வெட்டினேன். அடுத்த வசந்தத்தில் ஒரு பூ இல்லை. அடுத்த வருட மொட்டு கோடையிலேயே நுனியில் உருவாகிவிடும். வெட்டுவதென்றால் பூ முடிந்த கையோடு வெட்ட வேண்டும். வாடிய கொத்தை மட்டும் விரலால் பக்கவாட்டில் வளைத்தால் 'டக்' என்று ஒடியும், கை பிசுபிசுக்கும். அடியிலேயே புதுத் துளிர் காத்திருக்கும், அது முறியாமல் பாருங்கள்.

அப்புறம், உங்கள் காட்டுப்பூவரசு இலையின் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எங்கள் ஊர் மரத்து இலையின் அடியில் பழுப்பாக, பூனை முதுகைத் தடவுவதுபோல் இருக்கும். பார்த்து முப்பது வருடமாகிறது.