பல்லடம் பக்கம் தோட்டக் கிணறுகளில் நீர்மட்டம் அளப்பது எப்படி?

ஓடைக்காடு:
பல்லடம், பொங்கலூர் சுற்றுவட்டாரத்தில் ஓர் ஓடையின் வடிநிலத்துக்குள் இருக்கும் தோட்டக் கிணறுகளை அளந்து, நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கப் போகிறோம். திறந்த கிணறும் உண்டு, போரும் (ஆழ்துளைக் கிணறு) உண்டு. பெரும்பாலும் மோட்டார் ஓடுபவை. நிறுத்தி எவ்வளவு நேரம் கழித்து அளக்கலாம்? வயரும் குழாயும் அடைத்துக்கொண்டிருக்கும் போரில் எதை இறக்குவது?

கருங்கல்:
கருவிக்கு முன்னால் கிணறுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். திறந்த கிணறு காட்டுவது மேலே சிதைந்த பாறையில் நிற்கும் தண்ணீரை. 800 அடி போர் காட்டுவது கீழே உள்ள விரிசல்களின் அழுத்தத்தை. ஒரே தோட்டத்தில் கிணறு 40 அடியிலும் போர் 400 அடியிலும் நின்றால் இரண்டு அளவும் சரிதான். ஆனால் இரண்டையும் ஒரே சமமட்டக் கோட்டு வரைபடத்தில் (ஒரே நீர்மட்டமுள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பது) போட்டால் அந்த வரைபடம் பொய். கிணற்றுக்குள்ளேயே போர் போட்டது, சைடு போர் (கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் போடும் துளை) அடித்தது எல்லாம் இரண்டும் கலந்த கணக்கு, அவற்றை விட்டுவிடுங்கள். போர்த் தண்ணீரைக் கிணற்றில் விட்டு அங்கிருந்து பாய்ச்சுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அப்படியென்றால் அது கிணறு இல்லை, தொட்டி.

காத்திருக்கும் நேரத்துக்குப் பொது விதி கிடையாது. 8 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் ஆழம் என்பது சுமார் 50,000 லிட்டர். மூன்று மீட்டர் இறைத்துவிட்டால், மணிக்கு 5,000 லிட்டர் ஊறினாலும் திரும்ப 30 மணி நேரம் வேண்டும். மட்டம் ஏற ஏற ஊற்றின் வேகமும் குறையும், அதனால் இன்னும் கூடுதலாகவே ஆகும். ‘ஒரு மணி நேரம் நிறுத்தினோம்’ என்பதற்கு இங்கே அர்த்தமில்லை. அரை மணி இடைவெளியில் இரண்டு முறை அளந்து, வித்தியாசம் ஒரு செ.மீ.யைத் தாண்டினால் ‘ஏறிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதிவிடுங்கள். அந்த அளவை நிலைமட்டமாக, அதாவது இறைப்பு இல்லாமல் அடங்கி நிற்கும் மட்டமாக, எடுக்காதீர்கள்.

மோட்டாருக்கான த்ரீ பேஸ் மின்சாரம் முறைவைத்து வரும் இடத்தில், அது வருவதற்கு முந்தைய நேரம்தான் நல்லது. பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் அப்போது நின்றிருக்கும். போருக்கு இது இன்னும் முக்கியம், ஒரே விரிசலில் இரண்டு போர் இருந்தால் அவர் இறைக்க இவருடையது இறங்கும். மொத்தக் கிணறுகளையும் இரண்டு மூன்று நாளுக்குள் முடியுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் அளக்கும் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பரையே வைத்துக்கொண்டால் அவர்கள் தரவோடு ஒப்பிடலாம்.

நூல்குண்டு:
திறந்த கிணற்றுக்கு ஸ்டீல் டேப்பும் சாக்பீஸும் போதும். துணி டேப் வேண்டாம், இழுபடும். கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தடவி, சுவரில் உரசாமல் இறக்குங்கள். ஊற்று வழியும் சுவரில் பட்டால் நனைந்த கோடு ஏமாற்றும். கிணற்று விளிம்பில் பெயின்ட் அடித்த புள்ளியில் 15 மீட்டரைப் பிடிக்கிறீர்கள், 0.84 மீட்டர் நனைந்திருக்கிறது என்றால் ஆழம் 14.16. அந்தப் புள்ளி தரையிலிருந்து 0.75 உயரம் என்றால், தரைமட்டத்துக்குக் கீழே 13.41. ஒவ்வொரு முறையும் அதே புள்ளி. அதன் கடல்மட்ட உயரத்துக்கு போன் ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம், பல மீட்டர் பிசகும். ஆட்டோ லெவல் (சர்வேயர்கள் உயரம் எடுக்கும் கருவி) வைத்து எடுங்கள்.

போருக்கு, தண்ணீர் பட்டால் பீப் அடிக்கும் மின் அளவி. மேல் விரிசலிலிருந்து தண்ணீர் ஒழுகும் போரில் அது பாதியிலேயே கத்தும். நிலையான சத்தம் வரும்வரை இறக்கி, மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெரிய தொல்லை மாட்டிக்கொள்வதுதான். மோட்டார் வயருக்கும் குழாய்க்கும் நடுவே முனை சிக்கினால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, கேபிள் அறுந்து உள்ளேயே போய்விடும். அடுத்த முறை மோட்டாரை வெளியே எடுக்கும்போது முக்கால் அல்லது ஒரு இஞ்ச் ஹோஸைக் குழாயோடு சேர்த்துக் கட்டி, மோட்டாருக்குச் சற்று மேலே முடியும்படி விடச் சொல்லுங்கள். அடிமுனை திறந்தே இருக்கட்டும், கடைசிச் சில அடிக்கு ஓட்டை போடுங்கள். பிறகு அதற்குள்தான் அளவியை விட வேண்டும்.

ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் கருவியும் இருக்கிறது, எதையும் இறக்க வேண்டியதில்லை. ஆனால் காற்றின் வெப்பநிலை 10 டிகிரி தவறாகக் கொடுத்தால் 100 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கு மேல் பிசகும். குழாய் ஜாயின்ட்டிலும் எதிரொலிக்கும். தானியங்கி அழுத்த உணரி வைப்பதானால் காற்றழுத்தத்தையும் தனியாகப் பதிய வேண்டும்: ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறக்குறைய ஒரு செ.மீ. தண்ணீர். குடிதண்ணீர் எடுக்கும் கிணறுகளும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவே முனையைக் குளோரின் கரைசலில் கழுவுங்கள்.

ஓடைக்காடு:
நன்றிங்க. மழையே இல்லாத மாதத்தில் சில கிணறு மட்டும் ஏறினால் அளவைச் சந்தேகிக்கலாமா?

கருங்கல்:
முதலில் வாய்க்காலைச் சந்தேகியுங்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) பாசனம் நான்கு மண்டலமாகச் சுற்று முறையில் நடக்கிறது. தண்ணீர் விட்ட மண்டலத்தில் வாய்க்கால் ஓரக் கிணறுகள் மழையில்லாமலே ஏறும். திறந்த தேதி, மூடிய தேதி, வாய்க்காலிலிருந்து தூரம் மூன்றையும் குறித்து, அந்தக் கிணறுகளை மழைக் கணக்கிலிருந்து தனியாக வையுங்கள்.

நான்கு மீட்டர் ஏறியது என்றதும் நான்கு மீட்டர் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள். சிதைந்த நைஸ் (gneiss) பாறையின் நீர்விடு திறன், அதாவது மட்டம் இறங்கும்போது பாறையின் கன அளவில் எத்தனை பங்கு தண்ணீர் வடிகிறது என்பது, களிமண் கூடுதலாக இருந்தால் 1.5 சதவீதம், குறைவாக இருந்தால் 3 சதவீதம் என்று எடுப்பது வழக்கம். ஆக, சேர்ந்தது 60 முதல் 120 மி.மீ. ஒரே எண்ணாகச் சொல்லாமல் இந்த வீச்சையே எழுதுங்கள். அந்த இடைவெளியில் இறைத்த தண்ணீரையும் இதோடு கூட்ட வேண்டும். அதற்கு மோட்டார் ஓடிய மணி நேரத்தைத் தோட்டக்காரரிடம் இப்போதிருந்தே குறிக்கச் சொல்லுங்கள்.