"எஃப்" போட்ட பிராசஸரே போதும்னு சொன்ன புண்ணியவானுக்கு

மதுரை_கட்டர்:
கல்யாண வீடியோ எடிட் பண்ண 90,000 ரூபாய்க்குள்ள டெஸ்க்டாப் சொல்லுங்கன்னு நேத்து ஒரு தம்பி கேட்டார். நம்ம ரிச்சி_ராஜா உடனே எடுத்துவிட்டார்: "இன்டெல் ஐ5 13400எஃப் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். எஃப் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, எல்லாத்தையும் கார்டு பாத்துக்கும்." அதுக்கு லைக் வேற குவியுது.

பேர் கடைசில எஃப்னா பிராசஸருக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது. அது இல்லன்னா குயிக் சிங்க், அதாவது வீடியோவை வேகமா விரிச்சுக் காட்டுற இன்டெல் வசதி, கிடையாது. இப்ப வர்ற கேமராவுல 4:2:2 10 பிட்ல (கலர் விவரம் கூடுதலா இருக்கிற முறை) எடுத்த எச்.265 (வீடியோவைச் சுருக்குற முறை) ஃபைலைப் போட்டா 4060 திரும்பிக்கூடப் பாக்காது, 40 சீரிஸ் கார்டுல அதை விரிக்கிற டிகோடரே வைக்கல. மொத்த பாரமும் பிராசஸர் தலையில. தாலி கட்டுற ஷாட்ல படம் உறைஞ்சு நிக்கும், கெட்டிமேளம் மட்டும் கேக்கும். கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்க இது தேவையா?

ரிச்சி_ராஜா:
வணக்கம் கட்டர் அண்ணே, பேர் போட்டுத் திட்டினதுக்கு நன்றி. ரிச்சி ஸ்ட்ரீட்ல வருசக்கணக்கா அசெம்பிள் பண்றேன். எத்தனையோ எடிட்டருக்கு எஃப் போட்டுக் கொடுத்தாச்சு, ஒருத்தர் திரும்பி வந்து சட்டையைப் பிடிக்கல. அந்தக் காசுல எஸ்எஸ்டியைப் பெருசாப் போடலாம். எஃபுக்கு இவ்வளவு ஒப்பாரி வைக்கிறவங்க எஸ்எஸ்டி பத்தி வாயே திறக்க மாட்டேங்கறாங்க.

மதுரை_கட்டர்:
திரும்பி வரலன்னா வேற கடைக்குப் போயிட்டாங்கன்னு அர்த்தம் ராஜா. நான் கேட்டது எஃப். நீங்க சொன்னது எஸ்எஸ்டி. மறுபடி கேக்கறேன்: எஃப்ல குயிக் சிங்க் இருக்கா, இல்லையா?

வெண்மதி_கலர்:
அந்தத் தம்பி எந்த ஃபார்மட்ல எடுக்கிறார்னு ரெண்டு பேர்ல யாராவது கேட்டீங்களா? சோனி ஏ7 ஃபோர் கேமராவையே எடுத்துக்கோங்க. அதுல ரெக்கார்டிங் ஃபார்மட் எக்ஸ்ஏவிசி எச்எஸ்னா எச்.265, எக்ஸ்ஏவிசி எஸ்னா அதுக்கு முந்தின எச்.264. நம்ம ஊர் பிஏஎல் (PAL) மோடுல 4கே எச்எஸ்ஸுக்கு 25பி (நொடிக்கு 25 படம்) கிடையாது, 50பிதான். அதனால 25பி எடுக்கிறவங்க எக்ஸ்ஏவிசி எஸ்ஸுக்குத்தான் போயாகணும். அதுல வர்ற எச்.264 4:2:2 10 பிட்டை 13400 இருக்கிற 13ஆம் தலைமுறை குயிக் சிங்க்கும் டிகோட் பண்ணாது. அந்த ஃபைலுக்கு எஃப் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

ரிச்சி_ராஜா:
கேட்டுக்கோங்க! மேடமே சொல்லிட்டாங்க!

மதுரை_கட்டர்:
தங்கச்சி, 50பில எடுக்கிறவனே தமிழ்நாட்டுல இல்லையா? ஸ்லோமோஷனுக்கு என்ன பண்றான்? அவனுக்கு எச்.265 இருக்குல்ல? அப்ப எஃப் வேணாம்தானே? முடிஞ்சுது.

வெண்மதி_கலர்:
தங்கச்சின்னு சொல்லிட்டா எச்.264 எச்.265 ஆயிடாது கட்டர். ராஜா, நீங்களும் துள்ளாதீங்க. ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்ல எச்.264, எச்.265 ரெண்டுக்கும் 4:2:2 டிகோடர் வந்தாச்சு. மென்பொருள் மட்டும் புதுப் பதிப்பா இருக்கணும். அப்புறமும் 4060ஐயே நீட்டுறீங்களே, பழைய ஸ்டாக்கைத் தள்ளணுமா?

ரிச்சி_ராஜா:
ஸ்டாக் தள்றேன்னு சொன்னதை வாபஸ் வாங்குங்க மேடம். இது என் பொழப்பு. 50 சீரிஸ் போட்டா பில் எங்க போய் நிக்கும்னு தெரியுமா? ராம் விலையைப் பாத்தீங்களா சமீபத்துல? மேடைல நின்னு 32 ஜிபி, 64 ஜிபின்னு பேசிடலாம், வாங்குறவன் பையில இருக்கணும்ல.

ஆப்பிள்_அருண்:
மேக் மினி எம்4. 59,900 ரூபாய்க்கு வந்த மெஷின். 4:2:2 எச்.265 வெண்ணெய் மாதிரி ஓடும், கரண்ட் பில்லும் ஏறாது. நீங்க இன்னும் ஒரு எழுத்துக்கு அடிச்சிக்கிட்டு இருங்க.

மதுரை_கட்டர்:
வந்துட்டார்யா. அதுல 256 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம். ஒரு முகூர்த்தத்தைக் காப்பி பண்ணாலே நிரம்பிடும். ராம் பின்னாடி ஏத்த முடியுமா? முடியாது. போன வருசம் "விண்டோஸ்காரனுக்குக் கலர் தெரியாது"ன்னு சொன்ன ஆள்தானே நீங்க? அது எனக்கு மறக்கல.

ஆப்பிள்_அருண்:
வெளியில ஒரு எஸ்எஸ்டி தொங்கவிட்டா முடிஞ்சுது. கலர் பத்தி சொன்னதுல இன்னிக்கும் மாற்றமில்ல.

ரைசன்_வெறியன்:
இன்டெல் பக்தர்களே, 2024ல 13, 14ஆம் தலைமுறை பிராசஸர் கிராஷ் ஆன கதை மறந்துபோச்சா? ஆகஸ்ட்ல அதைச் சரிபண்ண மைக்ரோகோட் அப்டேட் விட்டாங்க, வாரண்டியை ரெண்டு வருசம் நீட்டினாங்க. அந்தக் குடும்பத்துலயா எஃப் வேணும், எஃப் வேணாம்னு பொண்ணு பாக்கறீங்க?

மதுரை_கட்டர்:
வாரண்டி நீட்டின பட்டியல்ல 13400 இருக்கான்னு போய்ப் பாரு. இல்ல. ஐ5ல கே போட்ட 13600, 14600தான் மாட்டிச்சு, அப்புறம் ஐ7, ஐ9. உன் ஏஎம்டி ரைசன் 7000ல உள்ள கிராபிக்ஸ் 4:2:2 டிகோட் பண்ணுமா? அதுவும் பண்ணாது. அப்ப நீயும் எஃப் கட்சிதான்.

ரைசன்_வெறியன்:
16 கோர் வச்சு அடிச்சு நொறுக்குவோம், டிகோடர் எதுக்கு? ஏஎம்5 போர்டுல நாளைக்குப் புது பிராசஸர் மாத்தலாம். உங்க இன்டெல் எல்ஜிஏ 1700 செத்த சாக்கெட்.

பழைய_டேப்:
தம்பிகளா, நான் விஎச்எஸ் காலத்து ஆள். ராத்திரி ப்ராக்ஸி (எடிட்டுக்கான லேசான காப்பி) போட்டுட்டுத் தூங்குங்க. காலையில எந்த மெஷின்லயும் ஓடும். எஃபாவது ஜியாவது.

மதுரை_கட்டர்:
ஐயா, மூணு கேமரா, ரெண்டு நாள் ஃபுட்டேஜ். மாப்பிள்ளை வீட்டுக்காரர் மறுநாளே ரீல்ஸ் கேக்கறார். அவர்கிட்ட ப்ராக்ஸி ஓடுதுன்னு சொல்லவா? "ஹார்டுடிஸ்க்கே போதும், எஸ்எஸ்டி வீண் செலவு"ன்னு இங்க பாடம் எடுத்ததும் நீங்கதான்.

பழைய_டேப்:
அது 2015ல சொன்னது. அப்ப அது சரி.

கல்யாண_கேமரா_தம்பி:
அண்ணன்களே, கேள்வி கேட்டது நான்தான். கட்டர் அண்ணன் பேச்சைக் கேட்டு எஃப் இல்லாத 13400 வாங்கிட்டேன், கூட 4060. பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அப்பவும் திக்குது.

ரிச்சி_ராஜா:
😂😂😂

மதுரை_கட்டர்:
ராஜா, சிரிக்காதீங்க. தம்பி, எந்தக் கடையில அசெம்பிள் பண்ணினது?

வெண்மதி_கலர்:
தம்பி, கார்டு மாட்டினதும் சில போர்டு உள்ள இருக்கிற கிராபிக்ஸை அணைச்சிடும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வர்ற பயாஸ் செட்டிங்ல ஐஜிபியு மல்டி மானிட்டர்னு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. பிரீமியர் பிரிஃபரன்ஸ்ல மீடியா போய், டிகோடிங்ல இன்டெல்லுக்கு டிக் இருக்கான்னு பாருங்க. அதைவிட முக்கியம், ஃபைல் என்ன ஃபார்மட்?

கல்யாண_கேமரா_தம்பி:
எம்பி4 அக்கா.

வெண்மதி_கலர்:
ஐயோ. எம்பி4 வெறும் உறை தம்பி. உள்ள கோடெக் என்ன, எச்.264ஆ எச்.265ஆ? 25பியா 50பியா?

மதுரை_கட்டர்:
பாத்தீங்களா, பயாஸ்ல ஆன் பண்ணணும்னா ஆன் பண்ண ஒண்ணு உள்ள இருக்கணும். எஃப்ல எதை ஆன் பண்ணுவீங்க? ராஜா பதில் சொல்லட்டும்.

ரிச்சி_ராஜா:
எஃப் இல்லாமயே திக்குது, இன்னும் எஃபையே திட்டறீங்க. தம்பி, நம்ம கடைக்கு வந்திருந்தா பயாஸ் செட் பண்ணியே கொடுத்திருப்பேன். மேடம், அந்த ஸ்டாக் வார்த்தை இன்னும் அப்படியே நிக்குது.

வெண்மதி_கலர்:
நிக்கட்டும்.

கல்யாண_கேமரா_தம்பி:
பயாஸ்ல அந்தப் பேர்ல எதுவும் காணோமே அக்கா?

ரைசன்_வெறியன்:
ஏஎம்டி வாங்கியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

மதுரை_கட்டர்:
ஏஎம்டி வாங்கியிருந்தா ஆன் பண்ணியும் 4:2:2 ஓடாதுடா. எத்தனை தடவை சொல்றது? ராஜா, கேள்வி அப்படியே இருக்கு. எஃப்ல குயிக் சிங்க் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில.

ரிச்சி_ராஜா:
எஸ்எஸ்டி.