நிம்ஃபுக்குப் ‘பிள்ளை’ வைக்கலாமா?

வணக்கம்.

நடு அமெரிக்க மழைக்காட்டுப் பெரிய ஊசித்தட்டானையும் நீல மார்ஃபோ பட்டாம்பூச்சியையும் ஒப்பிட்டு ஆறாம் வகுப்புக்கு ஒரு பாடம் எழுதுகிறேன். முன்னதன் இறக்கை விரிவு 19 செ.மீ. வரை, கிட்டத்தட்ட ஒரு சாண். வலையில் உட்கார்ந்திருக்கும் சிலந்தியை அப்படியே கவ்விக்கொண்டு போகும். மார்ஃபோ அழுகின பழச்சாறு குடிக்கும். இதுவரை சிக்கலில்லை.

மார்ஃபோ முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வளர்கிறது. ஊசித்தட்டானுக்குக் கூட்டுப்புழுவே கிடையாது. மரப்பொந்தில் தேங்கிய மழைநீரில் தோலை உரித்து உரித்து வளர்ந்து, கடைசி உரிப்பில் இறக்கையோடு வெளியே வருகிறது. புழுவாக இருக்கும் இளமை லார்வா, கூட்டுப்புழு ஆகாமலே வளரும் இளமை நிம்ஃப். இரண்டையும் ‘இளவுயிரி’ என்று எழுதிவிட்டால் நான் எதை எதோடு ஒப்பிடுவது?

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாட்டுத்தொட்டிப் பாசியில் நம்மூர் ஊசித்தட்டானின் நிம்ஃப் ஒன்று அகப்பட்டது. வெள்ளைக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தேன். வைக்கோல் துரும்பு போல உடம்பு, ஆறு கால், முதுகில் இறக்கை மொட்டு. வால் நுனியில் மூன்று இலை, அவைதான் செவுள். கொசுப்புழு ஒன்று நெளிந்து கிட்டே வந்ததும், முகத்துக்கடியில் மடித்து வைத்திருந்த கீழுதடு பட்டென்று நீண்டு இழுத்துக்கொண்டது. இதைப் புழு என்று எழுதக் கை வரவில்லை.

தொல்காப்பிய மரபியல் பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற இரண்டையும் தருகிறது. பார்ப்பு இன்று யாருக்கும் புரியாது. ‘பிள்ளை’ எப்படி? வெட்டுக்கிளி, கரப்பானுக்கு வெறும் பிள்ளை. தண்ணீரில் வளர்வதற்கு நீர்ப்பிள்ளை.

----

அக்கா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் கீரிப்பிள்ளை கிழமானாலும் பிள்ளைதானே? பருவப்பெயர் என்று மாணவர்களுக்கு எப்படித் தெரியும்? இங்கே புதுச்சேரியில் என் பையனிடம் சொன்னேன், “தட்டான் என்ன சாதி?” என்று கேட்கிறான்!

----

தம்பி, சிரித்துவிட்டேன். கீரியை விடுங்கள், தென்னம்பிள்ளையைப் பாருங்கள். 2011 தானே புயலில் எங்கள் கொல்லை மரமெல்லாம் சாய்ந்தபின் வைத்தவற்றைத் தென்னம்பிள்ளை என்றோம். இப்போது காய்க்கிறது, யாரும் பிள்ளை என்பதில்லை. அது பருவப்பெயர்தான். சாதிப் பேச்சுக்கு இடம் தராமல் ‘நீர்ப்பிள்ளை’ என்று சேர்த்தே எழுதுவோம்.

இன்னொன்று. கோரைத்தண்டில் ஒட்டியிருக்கும் உரித்த தோலுக்கு என்ன வைக்கலாம்? ‘புறவுறை எச்சம்’ எல்லாம் வேண்டாம். பாம்புச்சட்டை இருக்கும்போது தட்டான்சட்டை போதாதா?