சிடியில் கேட்ட டிக் சத்தம், ஜிட்டர் மேல் போன பழி

ஜிட்டரால், அதாவது டிஜிட்டல் ஒலித் தகவல் வரும் நேரம் துளி முன்னே பின்னே ஆவதால், சிடியின் சத்தம் கெடுகிறது என்று நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் காதுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்த நேரப் பிழையை நான் கேட்டது ஒரே இடத்தில், அது ஜிட்டரும் இல்லை.

நண்பர் ஒருவரின் சின்ன ரெக்கார்டிங் ரூமில் பழைய வயலின் கச்சேரி சிடி ஒன்றை, பிளேயரிலிருந்து கோஆக்சியல் கேபிள் வழியாக டிஜிட்டல் மிக்ஸருக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். சில விநாடிக்கு ஒரு முறை 'டிக்'. மிருதங்கம் வாசிக்கும்போது அமுங்கிவிடும், ஆலாபனையில் வில்லை நீளமாக இழுக்கிற இடத்தில் அப்பட்டமாகக் கேட்கும். சிடியைத் துடைத்தார்கள், கேபிளை மாற்றினார்கள், வேறு சிடி போட்டார்கள், நிற்கவில்லை. ஜிட்டர்தான், வேறு பிளேயர் வாங்க வேண்டும் என்றே முடிவு செய்துவிட்டார்கள். மிக்ஸர் மெனுவைத் திறந்து பார்த்தால், நேரத்தை அளந்து கொடுக்கும் க்ளாக் 'இன்டர்னல்' என்று, அதாவது மிக்ஸரின் சொந்த க்ளாக்கில், இருக்கிறது! பிளேயர் தன் கிரிஸ்டல் (க்ளாக்கை ஓட்டும் படிகம்) கணக்கில் விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்து குறித்த எண்கள்) அனுப்ப, மிக்ஸர் தன் கிரிஸ்டல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 5 பங்கு வித்தியாசம் இருந்தாலே நாலரை விநாடிக்கு ஒரு சாம்பிள் மிஞ்சும், இல்லை குறையும், அந்த இடத்தில்தான் டிக். க்ளாக்கை அந்த டிஜிட்டல் இன்புட்டுக்கு மாற்றியதும் சுத்தமாக நின்றது.

ஜிட்டர் என்பது சாம்பிள் தொலைவது இல்லை, 22.7 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாக வர வேண்டியது துளி முன்னே பின்னே வருவது. டிஸ்க் சுற்றும் வேகம் ஏறி இறங்குவதால் இது வருகிறது என்பதை நம்பாதீர்கள். படித்த தகவல் முதலில் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) சேர்கிறது, அங்கிருந்து கிரிஸ்டல்தான் அளந்து வெளியே விடுகிறது. தனி டிஏசி (டிஜிட்டல் தகவலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) வைத்து, பிளேயரிலிருந்து கேபிள் போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம், ஏனென்றால் அந்தக் கேபிளில் தகவலும் க்ளாக்கும் ஒன்றாகவே போகின்றன, டிஏசி அதைப் பிரித்தெடுக்க வேண்டும். அப்போதும்கூட, 1998இல் பெஞ்சமின், கேனன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனையில் பாட்டில் காது கண்டுபிடித்தது சுமார் 20 நானோ விநாடிக்கு மேலேதான். ஒழுங்கான டிஏசியில் இது ஒரு நானோ விநாடிகூட வராது.

அப்புறம் அதே நண்பர் புது டிஏசியில் குரல் தெளிவாக இருக்கிறது என்றார். 1,000 ஹெர்ட்ஸ் டோன் போட்டு அளந்தோம், புதியது கொஞ்சம் சத்தம் கூட. இரண்டையும் சமமாக வைத்து, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டதில் அவராலும் பிரிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. சத்த அளவைச் சமன் செய்த பிறகும் வித்தியாசம் கேட்டவர்கள் யாராவது இருந்தால், எந்தக் கருவி, எந்த இணைப்பு என்று விவரமாக எழுதுங்கள்.