லாக்அவுட்டுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

ஸ்காபரோவிலிருந்து:
வணக்கம். ரொறன்ரோவில் தனியாக இருக்கும் நம் முதியவர்களுக்காக, ஃபேர்னஸ் (வீட்டுக்குச் சூடான காற்று ஊதும் பெட்டி) ஓடாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அறைச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாற் சூடு கேட்டதும் முதலில் புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறி சுழல்கிறது, பிறகு பற்றவைக்கும் தண்டு செக்கச்செவேலென்று கனல்கிறது, அதன் பிறகுதான் வாயு திறக்கிறது. சில விநாடிகளுக்குள் சுடர் உணரிக்குச் சுடர் தட்டுப்படாவிட்டால் வாயு அடைபட்டுவிடும். இப்படிச் சில முறை தோற்றதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். இதுதான் லாக்அவுட். அகராதி 'கதவடைப்பு' என்கிறது. போடலாமா?

மதுரையிலிருந்து:
அம்மா, கதவடைப்பு ஆலை முதலாளி செய்வது. இது தானே தன்னைப் பூட்டிக்கொள்வதால் 'தற்பூட்டு'. தற்பெருமை, தற்புகழ்ச்சி போலப் புணர்ச்சியும் சரி. அதிருக்கட்டும், ஃபேர்னஸ் என்று எழுதக் கூசவில்லையா? உலை இருக்கிறதே! உல் என்ற வேரிலிருந்து உலை, உலர், உலவை (காய்ந்த கிளை) எல்லாம் கிளைத்தவை என்பது என் கணிப்பு, தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். குறுந்தொகை 172இல் 'உலைவாங்கு மிதிதோல்' வருகிறது, ஏழூர் வேலைக்கு ஓரூரில் வைத்த உலைக்குத் துருத்தி ஊதுவது. நிலவறையில் இருந்துகொண்டு எல்லா அறைக்கும் ஊதுகிற பெட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

சென்னையிலிருந்து:
ஐயா, உலை என்றால் எங்கள் வீட்டில் அரிசி களைந்து போடுவார்கள். சங்கம்தான் வேண்டுமென்றால் நெடுநல்வாடையில் 'பகுவாய்த் தடவு' இருக்கிறது, வாடைக்காலத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்ந்தது அதில்தான். தடவு ஓடவில்லை என்று எழுதிப் பாருங்கள், தைலம் எடுத்துக்கொண்டு வருவார்கள்! அப்புறம் தற்பூட்டு. ஏர் பூட்டினால், வண்டி பூட்டினால் கிளம்புகிறது என்று பொருள். இங்கே நின்றல்லவா போயிருக்கிறது?

மார்க்கத்திலிருந்து (ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகர்):
இந்தப் பெட்டிகளைத் திருத்துவதுதான் என் தொழில், அதனால் சொல்கிறேன். அக்கா, கதவடைப்பு என்று மட்டும் போடாதீர்கள். பெட்டியின் முன்தகட்டுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் உண்டு. தகடு சரியாகப் பொருந்தாவிட்டாலே ஒன்றும் ஓடாது. கதவு என்று படித்த மனுசன் போய்த் தகட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். லாக்அவுட் வேறு. வெளியே குழாய் வாயைப் பனி மூடியிருக்கலாம், சுடர் உணரியில் படலம் படிந்திருக்கலாம், அந்த உணரித் தண்டை மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்தாலே பல வீடுகளில் ஓடத் தொடங்கிவிடும் (அதை ஆளைக் கூப்பிட்டே செய்யட்டும்). பழுது என்று எழுதினாலும் தப்பு. பெட்டி வேண்டுமென்றேதான் நிற்கிறது, எரியாத வாயு வீட்டுக்குள் சேரக்கூடாது என்று. ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம், திரும்பத் திரும்பப் போடக்கூடாது. வாயு மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே போய்த்தான் தொலைபேச வேண்டும். இதெல்லாம் தெரிகிற சொல்லாகப் பாருங்கள். 'காப்பு நிறுத்தம்'?

மதுரையிலிருந்து:
காப்பு கையில் போடுவது, நிறுத்தம் பேருந்துக்கு.

சென்னையிலிருந்து:
'காப்பு முடக்கம்' என்றால்? கணக்கு முடக்கம், இணைய முடக்கம் எல்லாம் மக்களுக்குப் பழகியவை.

ஸ்காபரோவிலிருந்து:
நன்றி. முடக்கம் எல்லோருக்கும் பழகிய சொல் என்பதால் 'காப்பு முடக்கம்' போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே லாக்அவுட் என்றும் இருக்கும். ஃபேர்னஸ் ஃபேர்னஸாகவே இருக்கட்டும் ஐயா, வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பனி, தகடு, வாயு மணம் மூன்றையும் பெரிய எழுத்தில் மேலே ஏற்றிவிட்டேன்.

மதுரையிலிருந்து:
துண்டறிக்கை உங்களுடையது. விக்சனரி இணைய அகராதியில் தற்பூட்டு என்றுதான் சேர்ப்பேன். உலவை பற்றி யாரும் மறுமொழி எழுதவில்லை.