நாலு மணிக்கு மேல் கண்ணைத் திறக்க முடியவில்லை, வழி சொல்லுங்கள்

கோவையில் அக்கவுண்ட்ஸ் வேலை. தினமும் ஒன்பது மணி நேரம் 24 இன்ச் மானிட்டரில் எக்செல். மூன்று மாதமாக மாலையானால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரிகிறது, நாலு தடவை இமைத்தால் தெளிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை.

டாக்டர் பவர் மாறவில்லை, கண் வறட்சிதான் என்றார். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% சொட்டு மருந்து, நாலு வேளை, ஆறு வாரமாகிறது. அரை மணி நேரம்தான் தாங்குகிறது. 20 நிமிடத்துக்கொரு தடவை 20 அடி தள்ளி 20 விநாடி பார்க்கிறேன் (மாதக் கடைசியில் மறந்துபோகும்). நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி தண்டச் செலவு. மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கியதில் கொஞ்சம் தேவலை.

ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிறது; சீட் மாற்றித் தர மாட்டார்களாம்.

இதே மாதிரி ஏசிக்கு எதிரே உட்கார்ந்தபடியே சமாளித்தவர்கள் என்ன செய்தீர்கள்?